தட்டில் நிற்கும் சிப்பாய்: 75 மி.மீ. உருவமும் ஒரு கையகலப் பனிநிலமும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1812இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் காவல்படையைச் (அவருடைய தேர்ந்தெடுத்த படை) சேர்ந்த கிரெனடியர் என்ற காலாட்படை வீரர் ஒருவர், 75 மி.மீ. ரெசின் (வார்ப்புப் பிசின்) உருவம். இரண்டு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மரக்கட்டையில் பசை தடவி, வெள்ளைப் பொடி தூவி, அதன் மேல் நிற்க வைத்ததும் தட்டில் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிட்டது. எங்கே தவறு, அடுத்ததை எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

படத்தைப் பார்த்தேன். பெயிண்டிங்கில் பெரிய குறை ஒன்றும் இல்லை. தவறு வரிசையில் இருக்கிறது. முதலில் ஆள், கடைசியில் தரை என்று போயிருக்கிறீர்கள். முதல் பத்துப் பதினைந்து உருவங்களுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். உங்கள் சிப்பாயின் வெள்ளை வார் பளிச்சென்று இருக்கிறது, காலணி மின்னுகிறது, நீலம் புத்தம் புதிதாக இருக்கிறது. ஆள் பாரிசில் அணிவகுப்புக்குக் கிளம்பி நிற்கிறான், காலுக்குக் கீழே ரஷ்யா. இருவரும் ஒரே நாளைச் சேர்ந்தவர்கள் இல்லை.

அதனால் பிரஷ்ஷை எடுக்கும் முன் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சார்ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் இந்தப் படையெடுப்பை ஒரே வரைபடமாகப் போட்டார். போகும்போது 4,22,000 பேர், திரும்பும்போது 10,000 பேர் என்று ஒரு பட்டை மெலிந்துகொண்டே வரும். அதன் அடியில் தேதிவாரியாகக் குளிரின் கோடு ஓடும். அக்டோபர் 18இல் பூஜ்யம். 24ஆம் தேதி மழை. நவம்பர் 14இல் ரேயோமூர் என்ற பழைய வெப்ப அளவில் மைனஸ் 21, அதாவது செல்சியஸில் மைனஸ் 26. டிசம்பர் 6இல் மைனஸ் 30, செல்சியஸில் மைனஸ் 37.5. மாடலருக்கு இதைவிட நல்ல வண்ண அட்டவணை கிடைக்காது. மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய அக்டோபர் 19 என்றால் சருகும் சேறும் கொள்ளையடித்த சாமான் வண்டியும்தான், பனியே தேவையில்லை. டிசம்பர் என்றால் சீருடை என்று ஒன்று மிச்சமிருந்தால் அதிசயம்; கந்தல், போர்வை, கையில் கிடைத்த கம்பளி. உங்கள் சிற்பத்தில் ஆள் நிமிர்ந்து நடக்கிறார், கிரேட்கோட் (நீண்ட கம்பளி மேலங்கி) கிழியவில்லை, துப்பாக்கி தோளில் இருக்கிறது. நான் என்றால் நவம்பர் 17, கிராஸ்னி என்ற ரஷ்ய ஊர் என்று வைத்துக்கொள்வேன். பின்வாங்கலில் மற்ற படைகள் சிதறிக்கொண்டிருந்தபோதும் காவல்படை அங்கே அணி குலையாமல் நடந்தது. சுற்றிச் சுற்றி வந்த தங்கள் கொசாக் குதிரைவீரர்களுக்கு நடுவே அது மீன்பிடிப் படகுகளுக்கிடையே போகும், நூறு பீரங்கிகள் ஏற்றிய ஒரு கப்பல் போலப் போனது என்று எதிரணித் தளபதி டெனிஸ் டேவிடோவே எழுதினார். அந்த நடையும் உங்கள் சிற்பத்தின் நடையும் ஒத்துப்போகின்றன.

தேதி கிடைத்துவிட்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். அடுத்து அளவு. 75 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 1:24. முழங்கால் எட்டாத 30 செ.மீ. பனி உங்கள் பேஸில் 12 மி.மீ. ஆழம். நீங்கள் தூவியது ஒரு மி.மீ. இருக்குமா? நிஜத்தில் அது இரண்டு செ.மீ., காலை வெயிலில் கரைந்துவிடும். காலடித் தடம் ஒவ்வொன்றும் 12 மி.மீ. நீளம் வரவேண்டும். துப்பாக்கி 1777 மாடல், நிஜத்தில் ஒன்றரை மீட்டர். இங்கே 63 மி.மீ. பன்னிரண்டு மீட்டர் பிர்ச் மரம் வைக்க ஆசைப்பட்டால் அரை மீட்டர் உயரம் வேண்டும், ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். முறிந்த அடிமரம் போதும். 6 மி.மீ. தடிமனில் காய்ந்த குச்சி ஒன்று, அதுவும் ஆளின் தோளுக்கு மேலே போகாமல்.

பிளிந்த் என்கிற மரக்கட்டை சிறிதாக இருக்கட்டும். ஒற்றை உருவத்துக்கு 5 செ.மீ. சதுரம் தாராளம். இடம் அதிகமானால் அதை நிரப்பக் கை அரிக்கும். பீப்பாய், சக்கரம், செத்த குதிரை என்று வரிசையாக வந்து சேரும். ஆளை நட்ட நடுவில், கட்டையின் விளிம்புக்கு நேராக நிறுத்தாதீர்கள். சற்று மூலைவாட்டமாகத் திருப்பி, அவர் பார்க்கும் பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள்.

இப்போது தரை. கட்டையின் பக்கங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, மேலே கார்க் துண்டுகளைப் படி மாதிரி ஒட்டி மேடு பள்ளம் கொண்டுவாருங்கள். மட்டமான தரை எங்கேயும் கிடையாது. அதன் மேல் எபாக்சி புட்டி. வெளிநாட்டு மாடலர்கள் மில்லிபுட் என்பார்கள். நம் ஹார்டுவேர் கடை எம்-சீல் இந்த வேலைக்குக் குறைவில்லை. இரண்டு பகுதியையும் சமமாகப் பிசைந்து பரப்பி, இறுகத் தொடங்கும் முன் வண்டிச் சக்கரத் தடம் ஒன்றை இழுத்துவிடுங்கள். சலித்த மண்ணை மேலே தூவி ஈர விரலால் அழுத்தினால் தரையின் சொரசொரப்பு வந்துவிடும். தோட்டத்து மண் என்றால் முதலில் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே உயிர் எதுவும் இருக்கக் கூடாது.

ஆளைத் தரையில் இறக்கும் இடம்தான் முக்கியம். வண்ணம் தீட்டும் முன்பே, அழுத்திப் பிடிக்கும் காலின் குதிகாலில் பின் வைஸால் (கையால் திருகும் சிறு துளைக்கருவி) துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். ஒன்றரை செ.மீ. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வண்ணம் தீட்டும்போது அதையே ஒரு பாட்டில் கார்க்கில் குத்திப் பிடித்துக்கொள்ளலாம், உருவத்தில் விரல் படாது. எம்-சீல் மெத்தென்று இருக்கும்போது பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கம்பியோடு சேர்த்துத் தரையில் அழுத்தி எடுங்கள். பாதத்தின் அச்சும் கம்பியின் துளையும் தரையில் பதிந்துவிடும். பிறகு எப்போது வைத்தாலும் கால் அந்தக் குழிக்குள் போய் உட்காரும். எடை உள்ள ஆள் என்று கண் நம்புவது அந்த அரை மி.மீ. குழியால்தான். காலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் எவ்வளவு நல்ல பெயிண்டிங்கும் வீண்.

அப்படியே பின்னால் ஒன்றிரண்டு காலடித் தடங்கள் பதித்துவிடுங்கள். வந்த வழி இல்லாத ஆள் வானத்திலிருந்து இறங்கியவர் மாதிரி தெரிவார்.

இனி உருவம். ரெசினைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள்; அச்சிலிருந்து எடுக்க உதவிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், பெயிண்ட் பிடிக்காது. அச்சின் இணைப்புக் கோடுகளைச் சுரண்டும்போது ஈரத்தோடு தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஸ்பிரே பிரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஈரப்பதம் அதிகமான நாளில் அடிக்காதீர்கள். ஐப்பசி மழையில் பால்கனியில் நின்று அடித்து, சாம்பல் நிறத் தவிடு தூவிய மாதிரி சொரசொரப்பாகிப்போன உருவம் ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

பிரைமர் கறுப்பு முழுவதுமாக; அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையை லேசாக அடிப்பார்கள். ஒளி எங்கே விழும் என்று உருவமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பனிக்காட்சியில் இதை அப்படியே நம்பக் கூடாது. மேகம் மூடிய குளிர்கால வானத்தில் ஒளி ஒரு மூலையிலிருந்து வராது, மேலிருந்து பரவலாக இறங்கும். கூடவே தரையில் இருக்கும் பனி அந்த ஒளியைத் திருப்பி மேலே அனுப்பும். தாடையின் அடி, கை இடுக்கு, கோட்டின் கீழ்மடிப்பு எல்லாம் வேறு காட்சிகளில் இருண்டு கிடக்கும். இங்கே வெளிர் சாம்பல் நீலமாக இருக்க வேண்டும். உங்கள் சிப்பாயின் தாடைக்குக் கீழே அடர் பழுப்பு நிழல் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஸ்பெயின் வெயிலின் நிழல். தாடைக்கு அடியில் சாம்பல் நீலத்தைத் தண்ணீராக ஓட்டிப் பாருங்கள், ஆள் சட்டென்று பனிக்குள் வந்துவிடுவார்.

முகம் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பார்ப்பவர் முதலில் அங்கேதான் வருவார். கண்ணை முதலில் முடித்துவிட்டுத் தோலுக்கு வாருங்கள். தப்பினால் சுற்றிலும் தோல் நிறத்தால் சரிசெய்துவிடலாம். விழியின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், வெளிர் சாம்பல் போதும். கருவிழி மேல் இமையையும் கீழ் இமையையும் தொட வேண்டும். நடுவில் மிதந்தால் ஆள் பேயைப் பார்த்தவர் போல விழிப்பார். உண்மையில் எதிர்க்காற்றில் நடப்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நடப்பார். இமைகளுக்கு நடுவே அடர்பழுப்பில் ஒரு கோடும் அதற்குள் ஒரு சின்னப் புள்ளியும் போதும். பயந்துகொண்டிருந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தோலுக்கு அக்ரிலிக் நடுநிறம் ஒன்று, இரண்டு மெல்லிய பூச்சு. பிறகு கிளேஸ்: ஒரு பங்கு பெயிண்டுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர், பிரஷ்ஷில் எடுத்ததும் டிஷ்யூவில் ஒருமுறை தொட்டு மிச்சத்தை உறிஞ்சவிட்டுப் பூசுங்கள். அதைச் செய்யாவிட்டால் குட்டையாகத் தேங்கி ஓரத்தில் வளையம் கட்டும். பிரஷ்ஷை எந்தப் பக்கம் இழுத்து முடிக்கிறீர்களோ அந்தப் பக்கம்தான் நிறம் சேரும். நிழல் வேண்டிய இடத்தை நோக்கி இழுங்கள். மூக்கின் நுனி, காது மடல், கன்னத்து எலும்பு மேல் சிவப்பும் ஊதாவும் கலந்து மூன்று நான்கு கிளேஸ். உதட்டில் சிவப்பைக் குறைத்து ஒரு சொட்டு நீலம். தாடைக்குப் பச்சை சாயும் சாம்பலில் இரண்டு நாள் சவரம் செய்யாத நிழல். மூக்கு நுனியில் மட்டும் மிக லேசான மெழுகு வெள்ளை ஒரு புள்ளி வைத்தால் உறைகுளிர் தின்னத் தொடங்கிய இடம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காவல்படையினர் காதில் தங்க வளையம் போட்டுக்கொள்வது வழக்கம். சிற்பத்தில் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

கோட்டுக்கு வருவோம். காவல்படையின் கிரேட்கோட் அடர்நீலம். பழுப்பும் சாம்பலும் சாதாரண காலாட்படைக்கு. நீங்கள் நீலம் போட்டது சரி. ஹைலைட்டுக்கு (ஒளி படும் மேட்டு இடங்களுக்கு) வெள்ளை கலந்ததுதான் தப்பு. நீலத்தில் வெள்ளை கலந்தால் வான நீலமாகி, கம்பளி பிளாஸ்டிக் ஆகிவிடும். வெள்ளைக்குப் பதில் தோல் நிறத்தையோ பழுப்பு சாயும் சாம்பலையோ கலந்து பாருங்கள், ஐந்து மாதம் உடம்பிலேயே கிடந்து வெளுத்த கம்பளி வரும். கடைசி ஹைலைட்டைக் கோடாக இழுக்காமல் பழைய பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி வைத்தால் கம்பளியின் முரட்டுத்தனமும் வந்துவிடும். கரடித்தோல் தொப்பிக்கும் இதே கதை. சுத்தக் கறுப்பில் மேலே போக இடமில்லை. மிக அடர்ந்த பழுப்பில் தொடங்கி, முடியின் போக்கிலேயே குளிர்ந்த சாம்பலால் ஏற்றுங்கள். குறுக்கு வார்களின் அடிநிறம் அழுக்குச் சாம்பல், வெள்ளை கடைசியில் விளிம்புக்கு மட்டும். தொப்பியின் பித்தளைத் தகடு மங்கலாக இருக்கட்டும், கழுகின் தலையில் ஒரே ஒரு மினுக்கு. காவல்படைத் துப்பாக்கிக்கும் பித்தளைப் பூண்கள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிரஷ் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். மிக மெல்லிய மூன்று பூஜ்யப் (000) பிரஷ் வாங்கி ஏமாறாதீர்கள், அதில் பெயிண்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நுனி கூர்மையாக நிற்கும் 1ஆம் நம்பர் கோலின்ஸ்கி முடிப் பிரஷ் ஒன்று, சோப்புப் போட்டுக் கழுவி வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

அப்புறம் பனி. கடைப் பனிப்பொடி கிடைக்காத நாளில் சமையலறைக்குள் போகத் தோன்றும், போகாதீர்கள். சமையல் சோடா பசையோடு சேர்ந்து நாளடைவில் மஞ்சளாகிப் பொரிந்து வரும் என்பது பல மாடலர்கள் கைசுட்டுக்கொண்டு கற்ற பாடம். என் முதல் பனிநிலம் அதைவிடக் கேவலம்: வீட்டில் இருந்த கோலமாவு. கல் மாவு என்று நினைத்துப் போட்டேன், அது அரிசி மாவு. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்புச் சாரை நெப்போலியனைவிட ஒழுங்காக அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தது. நான் இப்போது செய்வது இரண்டு வகைக் கலவை. காலடியில் மிதிபட்டு இறுகிய பனிக்கு நைசான மார்பிள் பவுடரும் மேட் அக்ரிலிக் மீடியமும் (மினுங்காத, நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசை) குழைத்த களிம்பு. மேலே புதிதாக விழுந்த பனிக்கு ஃபைபர்கிளாஸ் சாமான் கடையில் கிடைக்கும் கண்ணாடி மைக்ரோபலூன் (உள்ளீடற்ற நுண்மணிப் பொடி), அதே மீடியத்தில். அது மூச்சில் போகக் கூடாத பொடி, கவசம் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறவுங்கள். மலிவான வெள்ளைப் பசை சில வருஷங்களில் மஞ்சளாகும், அதனால்தான் மீடியம் என்கிறேன்.

ஆனால் பனி போடும் முன் தரை முழுவதையும் அடர் பழுப்பில், சேறாகவே, ஒழுங்காகப் பெயிண்ட் செய்துவிடுங்கள். அங்கங்கே மண் எட்டிப் பார்க்க வேண்டும், சக்கரத் தடத்தில் பழுப்பும் வெள்ளையும் குழம்பிக் கிடக்க வேண்டும். முழுக்க வெள்ளையாக மூடினால் அது பனியாகத் தெரியாது, கேக்காகத் தெரியும். தடத்தின் பள்ளத்தில் துளி எபாக்சி ரெசின் விட்டு உறைந்த தண்ணீர் காட்டலாம். வாடிய புல்லுக்குத் தேங்காய் நாரைப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு இழை ஒரு கொத்தாக, அதுவும் இரண்டே இடத்தில். பனியை ஒரே தடவையில் அப்பாமல் நாலைந்து மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பின். கடைசியில் காலடிக் குழிகளுக்குள் மிகத் தண்ணியான நீலச் சாம்பல்.

காற்று எந்தப் பக்கம்? சிற்பியே சொல்லியிருக்கிறார். உங்கள் உருவத்தில் கோட்டின் முனை இடதுபக்கம் பறக்கிறது, எனவே காற்று வலப்பக்கமிருந்து அடிக்கிறது. அடிமரத்தின் வலப்பக்கத்தில் பனி அப்பியிருக்க வேண்டும், இடப்பக்கத்தில் வால் மாதிரி மெலிந்து நீண்ட மேடு சேர்ந்திருக்க வேண்டும். கரடித்தோல் தொப்பியின் வலப்பக்கத்திலும் வலது தோளிலும் முதுகுப் பையின் மேலும் கொஞ்சம். இதை நான் ஒருமுறை தலைகீழாகச் செய்து ஒரு கண்காட்சியில் வைத்தேன். ஒரு பள்ளிச் சிறுவன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “அங்கிள், ரெண்டு காத்தா அடிக்குது?” என்றான்.

ஆளையும் தரையையும் சேர்த்துத் தைப்பது கோட்டின் கீழ்விளிம்பு. தரைக்கு எந்தப் பழுப்பைப் பயன்படுத்தினீர்களோ அதே பழுப்பைத் தண்ணீராக்கி காலணி, கெயிட்டர் (கணுக்காலை மூடும் துணியுறை), கோட்டின் அடியில் ஒரு செ.மீ. உயரம் வரை ஏற்றுங்கள். மேலே போகப் போக மறையட்டும். காய்ந்ததும் அதே பனிக் களிம்பைப் பழைய பிரஷ்ஷில் எடுத்து விளிம்பில் குத்துங்கள். வேறு பாட்டிலிலிருந்து வேறு பழுப்பு எடுத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மீசையில் ஒன்றிரண்டு இழைக்கு மட்டும் வெள்ளை, மூச்சு உறைந்த இடம்.

கதைக்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று. மாஸ்கோவில் அள்ளியதையெல்லாம் வழிநெடுகப் போட்டுக்கொண்டே போனார்கள். பனியில் பாதி புதைந்த ஒரு வெள்ளி மெழுகுவத்தித் தண்டு, அதைப் பார்க்காமலே தாண்டிப் போகும் சிப்பாய். பிளாஸ்டிக் குச்சியும் இரண்டு பாசிமணியும் வைத்து அரைமணியில் செய்துவிடலாம். இந்தப் படையெடுப்பில் பீரங்கிப் படை அதிகாரியாகக் கூடவே போன ஃபாபர் டு ஃபவுர் வழியில் பார்த்ததை வரைந்துவைத்தார். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. யூனிஃபார்ம் புத்தகங்களைப் புரட்டும் முன் அவற்றைப் பாருங்கள்.

மேட் வார்னிஷ் வறண்ட நாளில், தூரத்திலிருந்து, இரண்டு மெல்லிய அடியாக. ஈரநாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், பனிக்காட்சியாக இருந்தாலும் அந்த வெள்ளை வேண்டாம். பித்தளை மினுக்கும் உறைந்த தண்ணீரும் வார்னிஷுக்குப் பிறகு.

கையில் இருக்கும் சிப்பாயைக் கரைப்பானில் போட்டுக் கலைத்துவிடாதீர்கள். பழைய கட்டையிலிருந்து பாதத்துக்கு அடியில் மெல்லிய ரம்பம் விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள், குதிகாலில் கம்பி வையுங்கள், தரையைப் புதிதாகச் செய்யுங்கள். உருவத்தில் தொட வேண்டியது தாடை நிழல், வார், கோட்டின் கீழ் ஒரு செ.மீ., வலது தோள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.